எந்தக் கட்டிலும் சேராத 23 சேலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கேட்டா ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிடலாம். உண்மையான காரணம் வேற. இதுல நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு. அதை எழுதினா மானம் போயிடுமேன்னு ஒரு பயம். போனா போகட்டும், எழுதிடறேன்.

முதல்ல கொஞ்சம் ஊர்ப் புராணம். நமக்கு சொந்த ஊர் குமாரலிங்கபுரம். விரிஞ்சு கிடக்கிற கரிசக்காட்டுப் பக்கம். மழை பெஞ்சா பருத்தி, மல்லி, உளுந்து. பெய்யலைன்னா சீமைக்கருவேலம். 2023ல மத்திய அரசு ஏழு மாநிலங்கள்ல பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிச்சப்போ, தமிழ்நாட்டுக்கு வந்தது விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்துக்குத்தான், 1052 ஏக்கர். அந்த வாரம் பேப்பர்ல ஊர்ப் பேரைப் பார்த்து, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமையடிச்சுக்கிட்டேன். அதுவரைக்கும் "நீ எந்த ஊரு"ன்னு கேட்டா அருப்புக்கோட்டைன்னு சொல்றதுதான் வழக்கம் :-)

அப்பாவுக்கு விவசாயம். தாய்மாமாவுக்கு அருப்புக்கோட்டையில சேலை வியாபாரம். நான் இன்ஜினியரிங் முடிச்சிட்டு சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன்.

பொட்டியில என்ன தட்டுறேன்? எங்க கிளையண்ட் தண்ணி பம்பு செய்யிற கம்பெனி. பம்புன்னா ஒரே பம்பு கிடையாது. எத்தனை ஹெச்.பி., சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, கிணத்துக்கா போர்வெல்லுக்கா, எத்தனை அடி ஆழத்துக்குன்னு ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்திச் சேர்த்தா ஆயிரக்கணக்கில வரும். இப்படி ஒவ்வொரு சேர்க்கைக்கும் எங்க பாஷையில கான்ஃபிகரேஷன்னு பேரு. சேல்ஸ் ஆளுங்க ஒவ்வொருத்தருக்கும் தன் வசதிக்கு ஒரு குரூப் வேணும். "என் ஏரியாவுல ஓடுற போர்வெல் பம்பு எல்லாம் ஒண்ணா காட்டு"ம்பாங்க. அந்த குரூப்புகளைக் கட்டித் தர்றதுதான் நம்ம வேலை.

இதை ரெண்டு விதமா செய்யலாம். ஊர்ல கல்யாணப் பத்திரிகை வைக்கிறதை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு வீட்டுப் பேரா நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு வைக்கிறது ஒரு வகை. "மேலத்தெரு மொத்த வீடும்"னு சொல்லிடறது இன்னொரு வகை. மேலத்தெருவுக்குப் புதுசா ஒரு குடும்பம் குடி வந்தா, முதல் வகையில அவங்களுக்குப் பத்திரிகை போகாது. ரெண்டாவது வகையில தானா போயிடும். பேர்ப்பட்டியலை விட்டுட்டு இப்படி ஒரு நிபந்தனையாவே குரூப்பைச் சேமிச்சு வைக்கிறதுதான் குவெரி வச்சுக் கட்டுறது. சேமிச்சு வச்ச அந்தக் கேள்விக்கு டேட்டாபேஸ்காரங்க வச்ச பேரு வியூ. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுசா கேட்டு, புதுசா பதில் வரும்.

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் எட்கர் காட். ஐ.பி.எம்.ல வேலை பார்த்தவர். 1970ல ஒரு கட்டுரை எழுதினார். தகவலை எல்லாம் வெறும் அட்டவணையா வை. எங்க இருக்கு, எப்படிப் போய் எடுக்கணும்னு கேக்குறவன் சொல்ல வேண்டாம், என்ன வேணும்னு மட்டும் சொன்னா போதும். இதுதான் சாரம். அதே ஐ.பி.எம்.ல சேம்பர்லின், பாய்ஸ்னு ரெண்டு பேர் 1974ல அதுக்கு ஒரு மொழி செஞ்சு சீக்வெல்னு பேர் வச்சாங்க. அந்தப் பேர் இன்னொரு கம்பெனியோட டிரேட்மார்க்கா இருந்ததால எஸ்.க்யூ.எல். ஆயிடுச்சு. அம்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அதுலதான் நம்ம சோறு.

சரி, இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

போன வருஷம் ஆடி மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பெரிய முதலாளி எல்லாம் இல்ல. பதினஞ்சு கைத்தறிக்காரங்களுக்குப் பாவும் ஊடை நூலும் குடுப்பார். நெய்து வந்த சேலையை வாங்கிக்கிட்டுக் கூலி குடுப்பார். மதுரை, திருநெல்வேலி பக்கம் இருக்கிற கடைகளுக்கு அனுப்புவார். அவ்வளவுதான். கணக்கு முழுக்க நீளமான ஒரு நோட்டுல.

"மருமகனே, கம்ப்யூட்டர்ல என்னமோ பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறியாமே. நம்ம சேலையையும் கொஞ்சம் கட்டிக் குடுய்யா. ஒவ்வொரு கடைக்காரனும் ஒவ்வொரு மாதிரி கேக்குறான். தட்டு தட்டா தேடி இடுப்பு ஒடியுது."

"அதுக்கென்ன மாமா, ஒரு ஞாயித்துக்கிழமை வேலை"ன்னேன். திமிர்தான், வேறென்ன.

மாமாவோட சேலையில எத்தனை வகை வரும்னு அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். நூல் 60ஆம் நம்பர், 80ஆம் நம்பர்னு 2. உடல் நிறம் 24. கரை நிறம் 24. கரை அகலம் 3. புட்டா உண்டு, இல்லைன்னு 2. ரவிக்கைத் துணி இல்லாம அஞ்சரை மீட்டர், ரவிக்கையோட ஆறே கால் மீட்டர்னு 2. பெருக்கினா 13,824. பம்புக் கம்பெனிக்குச் சளைச்சது இல்ல எங்க மாமா! ஆனா தட்டுல இருந்தது மொத்தம் 640 சேலைதான்.

பழைய லேப்டாப் ஒண்ணுல எஸ்.க்யூ.லைட் போட்டேன். அது ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல, நம்ம கையில இருக்கிற ஆண்ட்ராய்ட் போனுக்குள்ளயே அது இருக்கு. சேலைன்னு ஒரு டேபிள். மாமா பையன் நோட்டைப் பார்த்து எக்ஸெல்ல அடிச்சுக் குடுத்தான், அதை அப்படியே உள்ள ஏத்தினேன்.

முதல் கூத்து நூல்லயே. சில சேலையில 2/80னு நூல் நம்பர். எக்ஸெல் அதைத் தேதின்னு நினைச்சுக்கிட்டு 1980 பிப்ரவரின்னு மாத்தி வச்சிருச்சு. மாமாவுக்குக் கல்யாணம்கூட ஆகாத வருஷம்! எழுத்தா மாத்தி அடிக்கச் சொன்னேன். அப்புறம்தான் மாமா நூல் நம்பர்னா என்னன்னு விளக்கினார். ஒரு சிட்டம்னா 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ அதுதான் நம்பர். 80ஆம் நம்பர்னா ஒரு பவுண்டுல 80 சிட்டம், அதாவது 67,200 கெஜம், சுமார் 61 கிலோமீட்டர். அரைக் கிலோகூட இல்லாத நூலை அருப்புக்கோட்டையில பிடிச்சு இழுத்தா மதுரை தாண்டிப் போகும். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. 2/80ன்னா 80ஆம் நம்பர் ரெண்டு இழையை முறுக்கினது, தடிமன்ல 40ஆம் நம்பருக்குச் சமம். "80க்கு மேல"ன்னு கேட்டா 2/80 வரணுமா கூடாதான்னு மாமாவுக்குத்தான் தெரியும், மெஷினுக்குத் தெரியாது. நம்பரை எழுத்தாவே விட்டதுல இன்னொரு கூத்து. வெளியில வாங்கின 100ஆம் நம்பர் சேலை நாலைஞ்சு இருந்துச்சு. வரிசைப்படுத்தினா 80க்கு முன்னாடி 100 வந்து நின்னுச்சு. எழுத்துக் கணக்குல எட்டை விட ஒண்ணு முந்தி இல்லையா! கடைசியில இழை எத்தனை, நம்பர் என்னன்னு ரெண்டு தனித்தனிக் கட்டமா பிரிச்சேன்.

அடுத்தது நிறம். அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயத்தோல், எம்.எஸ். அம்மா பேர்ல வந்த எம்.எஸ். நீலம். படிக்கவே நல்லாருக்கு. ஆனா கத்தரிப்பூ ஒரு இடத்துல, கத்திரிப்பூ இன்னொரு இடத்துல. நமக்கு ரெண்டும் ஒண்ணு. மெஷினுக்கு வேற வேற. நிறத்துக்குன்னு ஒரு தனி டேபிள் போட்டு, அதுல இருந்து தேர்ந்தெடுத்தா மட்டும் உள்ள விடுற மாதிரி பண்ணினேன்.

அப்புறம் கட்டுகள். மாமா குரூப்புன்னு சொல்ல மாட்டார், கட்டுன்னுதான் சொல்வார். ஒரு கடைக்காரர் அரக்குக் கரை மட்டும்தான் எடுப்பாராம். மத்தவங்களுக்கு அரக்குக் கரை தவிர எல்லாம் போகுமாம். இதைவிட சுலபமா என்ன இருக்கு? ரெண்டே வரி.

செலக்ட் * ஃப்ரம் சேலை வேர் கரை = 'அரக்கு';
செலக்ட் * ஃப்ரம் சேலை வேர் கரை <> 'அரக்கு';

முதல்ல அரக்குக் கட்டு, அடுத்தது மத்த கட்டு. கூடவே, எந்த ரகம் எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற ஒரு ஓட்டக் கணக்கும் போட்டுக் குடுத்தேன். அனுப்பின சேலையை எல்லாம் தறிக்காரங்க வாரியா, ரகம் வாரியா கூட்டிச் சொல்லும். மாமாவுக்குத் தலைகால் புரியலை. தெருவுல போறவர்றவங்களை எல்லாம் கூப்பிட்டு, "என் மருமகன் பண்ணினது"ன்னு காட்டினார். நானும் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு சென்னை வந்துட்டேன்.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி மறுபடி ஊருக்குப் போனேன். மாமா வீட்டுத் தெருக் கோடியில ஒரு பெரியம்மா இருக்காங்க. சொந்தம் இல்ல, ஆனா சின்ன வயசுல இருந்து பெரியம்மான்னுதான் கூப்பிடுவேன். லீவுக்குப் போனா அவங்க தறிக்குழி ஓரத்துல உக்காந்து, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறதையே பார்த்துக்கிட்டு இருப்பேன். அன்னிக்கு அந்த வழியா போறப்போ சத்தமே இல்ல. எட்டிப் பார்த்தா தறியில பாவு இல்ல. வெறும் மரச்சட்டம்.

"என்ன பெரியம்மா, தீபாவளி லீவா?"

"லீவு எங்கய்யா. என் சேலை ஓடலையாம். அஞ்சு வாரமாச்சு, உங்க மாமா பாவு குடுக்கலை. நீ போட்டுக் குடுத்த கம்ப்யூட்டர்ல சொல்லுச்சாமே."

குத்தலா எல்லாம் சொல்லலை. மழை பெய்யலைன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாங்க. எனக்குத்தான் வயித்துல என்னமோ பண்ணுச்சு.

நேரா மாமாகிட்ட போனேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஓட்டக் கணக்குல பெரியம்மா பேருக்கு நேரா, அவங்க நெய்யிற ரகத்துக்கு நேரா பூஜ்யம். ஒரு சேலைகூட போகலை. "எனக்கும் சந்தேகம்தான் மருமகனே, அவங்க கை சுத்தமான கை. ஆனா நீ போட்ட கணக்குல தப்பு வருமா?"

அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முகம் குடுக்க முடியலை.

சேலையை எண்ணிப் பார்த்தேன். ஆடி மாசம் கட்டுனப்போ எடுத்து வச்ச பட்டியலையும் எடுத்தேன். அரக்குக் கட்டுல 212. மத்த கட்டுல 405. கூட்டினா 617. தட்டுல இருந்ததோ 640. ஒரு சேலைக்கு அரக்குக் கரை இருக்கணும், இல்ல இருக்கக் கூடாது. மூணாவது வழி ஏது? 23 சேலை எங்க போச்சு?

மேல் தட்டுலதான் இருந்துச்சு. எங்கயும் போகலை. கட்டுப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டுத்தான் மாமா பையன் சேலை எடுப்பான், பட்டியல்ல இல்லாததை அவன் ஏன் எடுக்கப் போறான்? 23ம் பெரியம்மா நெய்தது. அவங்க நெய்யிறது உடலும் கரையும் ஒரே நிறத்துல வர்ற ரகம். கரையில நெசவுதான் மாறும், நிறம் மாறாது. அதனால நோட்டுல மாமா கரை நிறம்னு எதுவும் எழுதலை. எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல, பார்த்தாலே தெரியுமே! எக்ஸெல்ல அது காலிக் கட்டம். டேட்டாபேஸ்ல அதுக்குப் பேரு நல்.

தமிழ்ல எழுதினா நல்லது மாதிரி இருக்கு இல்ல? அது வேற நல். பூஜ்யம் கிடையாது, வெற்று எழுத்தும் கிடையாது. "இங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது"ன்னு அர்த்தம். தெரியாத ஒண்ணு அரக்குக்குச் சமமான்னு கேட்டா ஆமான்னும் வராது, இல்லைன்னும் வராது. தெரியாதுன்னு வரும். சமம் இல்லையான்னு திருப்பிக் கேட்டாலும் தெரியாதுதான். வேர்ங்கிற வாசல்காரன் "ஆமா"ன்னு வந்தவனை மட்டும்தான் உள்ள விடுவான். அதனால அந்த 23 சேலைக்கு ரெண்டு வாசலும் அடைச்சிருச்சு. எர்ரர் இல்ல, எச்சரிக்கை இல்ல. நான் பண்ணின கல்யாணப் பத்திரிகை உதாரணத்துல சொன்னா, மேலத்தெருவுக்கும் பத்திரிகை போச்சு, கீழத்தெருவுக்கும் போச்சு. தெருப் பேரே இல்லாத வீட்டுக்குப் போகலை.

இது எனக்குத் தெரியாத விஷயமா? காலேஜ் மூணாவது வருஷம் பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். ஆறு வருஷமா தினம் இதுலயே புரள்றேன். டேட்டாபேஸ் உலகத்துல நல்லைப் பத்திப் பெரிய சண்டையே நடந்திருக்கு. கிறிஸ் டேட்ங்கிறவர் அது மாடலுக்குள்ளயே வரக்கூடாதுன்னு பல வருஷமா வாதாடினார். காட் அது வேணும்னார். அதோட விடலை. 1990ல எழுதின புத்தகத்துல, இல்லாத தகவல் ரெண்டு வகை, அதை வேற வேறயா குறிக்கணும்னும் சொன்னார். இருக்கு, ஆனா நமக்குத் தெரியலை என்பது ஒண்ணு. இந்தப் பொருளுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது இன்னொண்ணு. மாமா நோட்டுல மூணாவதா ஒண்ணும் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும், அதனால எழுதலை. அதை நான் கேக்கவே இல்ல. காலிக் கட்டத்தைப் பார்த்துட்டு, "மாமா, இது ஏன் காலியா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

அன்னிக்கு ராத்திரியே சரி பண்ணினேன். உடல் நிறமும் கரை நிறமும் ஒண்ணா இருக்கிற ரகத்துக்கு "தன்கரை"ன்னு ஒரு மதிப்பு. கரையே இல்லாததுக்கு "கரையில்லை". இனிமே கரைங்கிற கட்டத்தைக் காலியா விட்டா உள்ளயே ஏறாது. இதெல்லாம் பத்து நிமிஷ வேலை. பெரியம்மாவோட அஞ்சு வாரத்தை எந்த குவெரி போட்டு எடுக்கிறது?

மறுநாள் காலையில மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போய் நடந்ததைச் சொன்னேன். நல், காலிக் கட்டம்னு எல்லாம் விளக்கலை. "தப்பு என்னுதுதான் பெரியம்மா, உங்க சேலை கடைக்கே போகலை, போகாம எப்படி ஓடும்"ன்னேன். அஞ்சு வாரக் கூலிக்கு ஈடா கொஞ்சம் பணம் எடுத்துட்டுப் போயிருந்தேன். வாங்கலை.

"நெய்யாத சேலைக்குக் கூலி வாங்கினா நல்லாருக்காதுய்யா. பாவைக் குடுக்கச் சொல்லு, போதும்."

அப்புறம் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே, "ஓடலைன்னு சொன்னதும் கையில ஏதோ கோளாறு வந்துருச்சோன்னு நினைச்சேன்"ன்னாங்க. நாப்பது வருஷம் நெய்த கை. அஞ்சு வாரமா அந்தம்மா தன் கையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, என்னோட ஒரு வரியால. பணத்தை விட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

சாயங்காலம் குமாரலிங்கபுரம் வந்து அப்பாகிட்ட புலம்பினேன். அப்பாவுக்கு டேட்டாபேஸ் தெரியாது, ஆனா பட்டா சிட்டாவுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தே தேய்ஞ்சவர். முழுசா கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். "நஞ்சை, புஞ்சைன்னு ரெண்டு கணக்கு மட்டும் வச்சிருந்தா ஊர் நிலம் முழுசும் அதுல வந்துருமா? கண்மாய் எதுல வரும்? சுடுகாடு எதுல வரும்? மந்தை, பாதை, ஓடை? அதுக்குத்தானே புறம்போக்குன்னு ஒண்ணு வச்சிருக்கான். எதுலயும் சேராததுக்கு ஒரு கணக்கு இருந்தாத்தான் மொத்தக் கூட்டு சரியா வரும்."

புறம்போக்குன்னு நாம திட்டுறதுக்கு வச்சிருக்கிற வார்த்தை. ஊர் வாழ்றதுக்கு வேணுங்கிற கண்மாயே அந்தக் கணக்குலதான் இருக்குங்கிறது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது.

இப்போ மாமாவோட லேப்டாப்ல கட்டுப் பட்டியல்ல முதல் வரிசையில நிக்கிறது புறம்போக்குக் கட்டு. எந்தக் கட்டுலயும் வராத சேலை எது எதுன்னு அது காட்டும். அதுல ஒரு சேலை வந்தாலும் மத்த எதையும் திறக்கிறதுக்கு முன்னாடி மாமா அதைப் போய் கையில எடுத்துப் பார்க்கணும். அடியில, எல்லாக் கட்டையும் கூட்டின எண்ணிக்கையும் தட்டுல இருக்கிற எண்ணிக்கையும் பக்கத்துப் பக்கத்துல. ரெண்டும் பொருந்தலைன்னா சிவப்பு.

சென்னைக்கு வந்து ஆபீஸ்லயும் அதே குவெரியைப் போட்டுப் பார்த்தேன். எந்த குரூப்புலயும் சேராம 41 பம்பு கான்ஃபிகரேஷன். பெரும்பாலானது நிறுத்தின மாடல்தான், ஆனா ரெண்டு இன்னும் தயாராகிக்கிட்டு இருக்கிற பம்பு. டேமேஜர்கிட்ட காட்டினேன். "இதை எப்படிப்பா கண்டுபிடிச்சே"ன்னார். ஊர்ல ஒரு பெரியம்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

அந்த 23 சேலையில 19 பொங்கலுக்குள்ள வித்துடுச்சு. மீதி நாலுல ஒண்ணு, வெங்காயத்தோல் நிறம், அம்மாவுக்கு நான் எடுத்துக்கிட்டேன். மாமா காசு வேண்டாம்னார். குடுத்துட்டுத்தான் எடுத்தேன், ஓட்டக் கணக்குல பெரியம்மா பேருக்கு நேரா ஒண்ணு கூடணும் இல்லையா.

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. வர்ட்டா.

டிஸ்கி: நீங்களும் பொட்டி தட்டுற ஆளா இருந்தா, இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே ஒரு வேலை பண்ணுங்க. நீங்க கட்டி வச்சிருக்கிற குரூப்புகளோட எண்ணிக்கையைக் கூட்டி, மொத்தத்தோட பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலைன்னா அந்த மிச்சத்துல யாரோட சேலை இருக்குன்னு தேடுங்க.